மெனெங்குக்கு எந்தப் பக்கம்?

ரேனஸை மெல்போர்ன் விமான நிலையத்தில் பார்த்த முதல் நிமிடமே எனக்குப் பிடிக்கவில்லை. பையன் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தான். தோள் அகலம், நல்ல உயரம், சிரித்த முகம். என் பெட்டியைக் கூடத் தூக்கினான். கேட்காமல் பெட்டி தூக்குகிறவனை நான் நம்புவதில்லை.

எங்கள் நவூருத் தீவில் மொத்தமே பத்தாயிரத்துச் சொச்சம் பேர். யார் வீட்டுப் பன்றி குட்டி போட்டது, யார் மருமகள் யார் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனாள் என்பதெல்லாம் பொழுது சாய்வதற்குள் என் காதுக்கு வந்துவிடும். அப்படிப்பட்ட என்னிடம் கோச் ஹோவர்டு ஒரு முழு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தி, "இவன் நம்ம ஊர்ப் பையன், இப்ப பிரிஸ்பேன்ல இருக்கான், நம்ம அணியில ஆடப்போறான்" என்றால்? நம்ம ஊர்ப் பையன் எனக்குத் தெரியாமல் எப்படி வளர்ந்தான்?

நான் எய்டோரா, நவூரு அணியின் மேனேஜர். மேனேஜர் என்றால் ஏதோ நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவள் என்று நினைக்க வேண்டாம். ஜெர்சி துவைப்பது நான். சோறு ஆக்குவது நான். பையன்களின் பாஸ்போர்ட்டை இடுப்புப் பையில் கட்டிக்கொண்டு திரிவது நான். அவர்கள் குளிருக்குப் பயந்து பயிற்சிக்கு எழுந்திருக்காதபோது போர்வையை உருவுவதும் நான்தான்.

நாங்கள் வந்திருந்தது மூன்று வருடத்துக்கு ஒரு தரம் நடக்கும் கோப்பைக்கு. ஃபுட்டி என்று நாங்கள் சொல்லும் ஆட்டம், முட்டை வடிவப் பந்து, இரண்டு பக்கமும் நந்நான்கு கம்பங்கள். ஆஸ்திரேலியாவின் ஆட்டம்தான். ஆனால் எங்கள் தாத்தாக்கள் காலத்திலேயே இங்கே படிக்க வந்த பையன்கள் பந்தைத் தீவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதன் பிறகு எங்களுக்கு வேறு ஆட்டம் தெரியாது. இந்தக் கோப்பையில் ஆஸ்திரேலியாவே ஆடாது. ஆடினால் மற்றவர்கள் எதற்கு வர வேண்டும்? அயர்லாந்து, பாப்புவா நியூகினி, நியூசிலாந்து என்று மற்ற நாட்டுக்காரர்கள்தான் மோதிக்கொள்வோம்.

இந்தக் கோப்பையின் வரலாற்றை யாராவது எழுதினால், ஜெயித்தவர்கள் பெயரைவிடச் சந்தேகப்பட்டவர்கள் பெயர்தான் நீளமாக வரும். ஒரு தரம் ஒரு அணியில் பாதிப் பேர் மெல்போர்ன் பேச்சு பேசினார்கள். இன்னொரு தரம் ஒருவன் தன் தேசிய கீதத்துக்கு வாயை மட்டும் அசைத்தான். பார்த்துக்கொண்டே நின்றேன், ஒரு சொல் கூடத் தெரியவில்லை அவனுக்கு. இப்படியெல்லாம் நடந்த பிறகுதான் அந்த விதி இறுகியது. எந்த நாட்டுக்கு ஆடுகிறாயோ அந்த நாட்டில் பத்து வயதிலிருந்து பதினாறு வயதுவரை வளர்ந்திருக்க வேண்டும். இல்லை என்று தெரிந்தால் ஆள் மட்டுமல்ல, அவன் ஆடிய ஆட்டத்தின் புள்ளிகளும் போய்விடும்.

என் வயிற்றெரிச்சலுக்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். என் மகன் டெல்வின் மூன்று கோப்பைகளாக நடு முன்கள ஆட்டக்காரன். இப்போது முப்பத்துநான்கு வயது, முழங்கால் போய்விட்டது, இதுதான் அவனுக்குக் கடைசிக் கோப்பை. ரேனஸ் வந்ததும் ஹோவர்டு அந்த இடத்தை ரேனஸுக்குக் கொடுத்துவிட்டு, டெல்வினைத் துணைத்தலைவன் என்று பெயருக்கு வைத்து வெளியே உட்காரவைத்தார். ரேனஸ் இல்லாவிட்டால் அந்த இடம் டெல்வினுக்குத்தான். வேறு ஆள் கிடையாது.

எங்களை ஒரு பள்ளிக்கூட விடுதியில் தங்கவைத்திருந்தார்கள். முதல் நாள் சாப்பாட்டு நேரத்திலேயே நான் விசாரணையை ஆரம்பித்துவிட்டேன். தேங்காய்ப்பால் ஊற்றிய மீனைத் தட்டில் வைத்துக்கொண்டே எங்கள் பாஷையில் கேட்டேன்.

"ஏன்டா ரேனஸ், இன்னும் கொஞ்சம் போடட்டுமா?"

"யெஸ், ப்ளீஸ்" என்றான்.

எனக்குச் சுரீரென்றது. எங்கள் ஊரில் 'ஆமாம்' என்பதற்கு வாயைத் திறக்க மாட்டோம். புருவத்தைத் தூக்குவோம், அவ்வளவுதான். கைக்குழந்தை கூட அப்படித்தான் சொல்லும்.

"எந்தக் குலம்டா நீ?"

"குலம் இல்ல அத்தை. எங்கம்மா கிரிபாஸ் தீவுக்காரங்க. அப்பாதான் நவூரு."

எங்களுக்குக் குலம் அம்மா வழியில் வருவது. அம்மா வெளித்தீவுக்காரி என்றால் குலம் இல்லை. சொன்னது பொருந்தத்தான் செய்தது. ஆனால் கேள்விக்குத் தயாராக வந்தவன் பதிலும் பொருந்தத்தானே செய்யும்?

"எங்க வளந்தே?"

"லொகேஷன்ல."

லொகேஷன் என்பது பாஸ்பேட் வெட்ட வெளித்தீவுகளிலிருந்து வந்தவர்களுக்குக் கட்டிய நீளநீளக் குடியிருப்பு. கிரிபாஸ்காரன், துவாலுக்காரன் என்று வருவான், போவான். யாருக்கு யாரைத் தெரியும்? பொய் சொல்ல வேண்டுமென்றால் நானும் அந்த இடத்தைத்தான் சொல்வேன்.

"சரி, நம்ம பாஷைல கேட்டா ஏன் இங்கிலீஷ்ல பதில் சொல்றே?"

"நான் பேசினா சிரிப்பாங்க அத்தை."

"யாரு சிரிப்பா?"

"எல்லாரும்தான்" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டான்.

அன்று மாலை டெல்வினின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னேன். "இவன் நம்மாளு இல்லடா. எழுதி வச்சுக்கோ."

"உனக்கு யாரைப் பாத்தாலும் சந்தேகம்தாம்மா."

"ஹோவர்டு இவனைப் பிரிஸ்பேன்ல எங்கேயோ புடிச்சிருக்காரு. அவரே சின்ன வயசுல ஊரைவிட்டு வந்தவரு, அவருக்கு என்ன தெரியும்? ஆட்டம் நல்லாருந்தா அண்டார்டிகாக்காரனையும் நவூருன்னு சொல்லுவாரு."

டெல்வின் சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. மறுநாளும் சொன்னேன். அதற்கு மறுநாளும் சொன்னேன். பயிற்சியில் ரேனஸ் இரண்டு பேர் தலைக்கு மேலே ஏறிப் பந்தைப் பிடித்தான், கூட்டமே கைதட்டியது. நான் டெல்வின் காதில், "இதெல்லாம் நம்ம ஊர் மண்ணுல வர்ற குதி இல்ல, புல்தரையில கத்துக்கிட்டது" என்றேன். எங்கள் மைதானத்தில் புல் கிடையாது. வெறும் பாஸ்பேட் புழுதி. விழுந்தால் தோல் உரிந்துவிடும், அதனால் எங்கள் பையன்கள் விழாமல் ஆடப் பழகியவர்கள். ரேனஸும் விழவில்லை என்பது என் கண்ணில் படாமலா போகும்? பட்டது. நான்தான் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் ஆட்டத்தில் ஜெயித்தோம். கோல் எல்லாம் ரேனஸ் போட்டது. இன்னொன்று ஜெயித்தால் அரையிறுதி. எங்கள் தீவு இதுவரை அந்தப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை ஒரு அதிகாரி வந்து ஹோவர்டைத் தனியாகக் கூப்பிட்டார். திரும்பி வந்த ஹோவர்டு முகத்தில் ரத்தம் இல்லை.

"புகார் வந்திருக்கு எய்டோரா. ரேனஸ் ஊர்ல வளரலைன்னு. நாளைக்குக் காலைல விசாரணை."

சொன்னால் சிரிப்பீர்கள். அவனை முதலில் சந்தேகப்பட்டவள் நான். ஆனால் வெளியாள் ஒருவன் சந்தேகப்பட்டுவிட்டான் என்றதும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எங்கள் வீட்டுச் சட்டியில் எவன் கை விட்டது?

அயர்லாந்து மேனேஜர் டோனல்தான் என்று ஒரே நிமிடத்தில் முடிவு கட்டினேன். எதிர் அறைக்காரர். அதற்கு முந்தின நாள்தான் அவர்கள் ஊர் ரொட்டி ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, "உங்க புதுப் பையன் பிரமாதமா ஆடறான், எந்த ஊரு?" என்று விசாரித்திருந்தார். மிச்சமிருந்த பாதி ரொட்டியை எடுத்துக்கொண்டு போய் அவர் கதவைத் தட்டினேன்.

"இந்தாங்க உங்க ரொட்டி. ரொட்டியைக் குடுத்து வேவு பாக்கறீங்களா?"

மனுஷன் ரொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வெந்தது சரியில்லையா?" என்றார் பரிதாபமாக.

"வெந்ததெல்லாம் சரியாத்தான் வெந்திருக்கு!"

திரும்பி வந்து சமையலறையில் பாத்திரங்களை உருட்டினேன். நியூசிலாந்தாக இருக்குமோ? பயிற்சி பார்க்கத் தொப்பிக்காரன் ஒருவன் வந்தானே, அவனாக இருக்குமோ? தீவுக்கு ஃபோன் போட்டுப் பள்ளிக்கூடத்தில் கேட்கலாம் என்றால் விடுமுறை, எடுப்பாரில்லை. பாஸ்போர்ட்டில் பெயரும் படமும் இருக்கும், எங்கே புழுதியில் உருண்டான் என்பதெல்லாம் இருக்காது. டெல்வின் அன்று முழுக்க அறையை விட்டு வரவில்லை. முழங்கால் வலி என்றான்.

விசாரணை பள்ளி நூலகத்தில். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நரைத்த தலையோடு ஒரு அம்மாள், இரண்டு பக்கமும் இரண்டு ஆண்கள். எங்கள் பக்கம் ஹோவர்டு, நான், துணைத்தலைவன் என்பதால் டெல்வின். ரேனஸை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள்.

உட்கார்ந்ததும் நான் ஆரம்பித்தேன். "எந்த அணி புகார் குடுத்ததுன்னு எங்களுக்குச் சொல்லணும்."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "எந்த அணியும் குடுக்கலைங்க. உங்க அணிக்குள்ளேருந்துதான் வந்தது. பேரைச் சொல்ல விதி இடம் குடுக்காது. அதனாலதான் நாங்க இதைச் சாதாரணமா எடுத்துக்க முடியல."

ஹோவர்டைப் பார்த்தேன். வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் திரும்பினேன். டெல்வின் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் கோழியைக் கல்லால் அடித்துக் கொன்றுவிட்டு வந்து நின்றபோதும் இப்படித்தான் குனிந்திருந்தான்.

எங்கள் பாஷையில், உதடு அசையாமல் கேட்டேன். "நீயா?"

நிமிராமலே புருவத்தைத் தூக்கினான்.

அந்த அறையில் அது வேறு யாருக்கும் புரிந்திருக்காது. ஹோவர்டுக்குக் கூட.

அதற்குள் ரேனஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். துவைத்த சட்டை, தண்ணீர் தொட்டு வாரிய தலை. கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள், பையன் சொதப்பிக்கொண்டே போனான். எந்தப் பள்ளிக்கூடம்? சொன்னான். ஒழுங்காகப் போனாயா? "அப்பப்ப." வாத்தியார் பெயர்? "எல்லாரையும் மிஸ்னுதான் கூப்பிடுவோம்." உன்னைத் தெரிந்தவர்கள் யாராவது? "தெரிஞ்சவங்கல்லாம் கிரிபாஸுக்குத் திரும்பிப் போயிட்டாங்க." அப்பா? "செத்துட்டாரு. உயிரோட இருந்தப்பவும் வந்ததில்ல."

ஒரு ஆள் எங்கள் தீவின் வரைபடம் ஒன்றை எடுத்துத் தன் பக்கமாகச் சாய்த்துக்கொண்டார், பையன் பார்க்காதபடி.

"சரி. நீங்க இருந்த குடியிருப்போட வாசல்ல கடலைப் பாத்து நிக்கறீங்க. மெனெங்குக்குப் போகணும். எந்தப் பக்கம் திரும்பணும்?"

"எந்தப் பக்கம் வேணாலும் திரும்பலாம் சார்."

"இடமா, வலமா?"

"ரெண்டும்தான்."

"தம்பி, ஒரு பக்கம் சொல்லுங்க. அங்க இருந்தவருக்கு இது கஷ்டமான கேள்வி இல்லையே?"

ரேனஸ் குழம்பிப்போய் அவரைப் பார்த்தான். கேள்வியில்தான் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்பதுபோல் கேட்டான். "ப்ளேன் வந்திருக்கா?"

"என்னது?"

"ப்ளேன் வந்திருக்கா இல்லையான்னு சொல்லாம நான் எப்படி சார் சொல்றது?"

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நழுவுகிறான், கேலி வேறு செய்கிறான் என்று அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது.

எங்கள் தீவில் சாலை ஒன்றுதான். கடலோரமாகத் தீவைச் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே முடியும். லொகேஷனிலிருந்து தென்கிழக்கில் இருக்கும் மெனெங்குக்கு இடப்பக்கம் போனால் கிட்டே. ஆனால் அந்த வழியில் விமான ஓடுதளத்தின் முனை சாலையை ஒட்டி வருகிறது. விமானம் இறங்கும்போது குறுக்கே கட்டையைப் போட்டு வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அவசரக்காரன் வலப்பக்கம் திரும்பித் தீவையே சுற்றிக்கொண்டு போவான். எந்த வரைபடத்திலும் இது இல்லை. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதும் இல்லை. அந்தக் கட்டைக்குப் பின்னால் கொதிக்கிற வெயிலில், மீன் வாடை அடிக்கும் வண்டியில், எத்தனையோ தரம் உட்கார்ந்து வியர்த்தவனுக்குத்தான் அப்படி ஒரு கேள்வி வாயில் வரும்.

பொய்யன் 'இடப்பக்கம்' என்று பளிச்சென்று சொல்லியிருப்பான். இவன் உண்மையைச் சொல்லிக் கெட்டுக்கொண்டிருக்கிறான்.

"மேனேஜர்" என்றார் அந்த அம்மாள். "இவர் சொல்றது உங்களுக்கு ஏதாவது புரியுதா?"

டெல்வின் இப்போதுதான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. உதட்டைப் பிதுக்கினால் போதும். ரேனஸ் பிரிஸ்பேனுக்குப் பஸ் ஏறுவான், என் பிள்ளை தன் கடைசி ஆட்டத்தை ஆடுவான். யாருக்கும் தெரியப்போவதில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு, என் குஞ்சு எனக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணால் கெஞ்சுகிறது. எனக்கு ஆசையாக இருந்தது. இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

ஹோவர்டு தொண்டையைக் கனைத்தார். ரேனஸ் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் உதவுவேன் என்ற நினைப்பே அவனுக்கு இல்லை. அதுதான் என்னை அறுத்தது.

"நல்லாப் புரியுதுங்க" என்றேன்.

சாலையைச் சொன்னேன். கட்டையைச் சொன்னேன். வரைபடத்தை வாங்கி ஓடுதளம் எங்கே சாலையைத் தொடுகிறது என்று விரலை வைத்துக் காட்டினேன். "நம்பலைன்னா விமானக் கம்பெனிக்காரனையே கூப்பிட்டுக் கேளுங்க. பதினாறு வயசுவரைக்கும் அங்க கிடந்தவனுக்குத்தான் இது தெரியும். இவன் எங்க ஊர்ப் பையன்."

"உங்களுக்கு இவரை எவ்வளவு காலமாத் தெரியும்?"

"இப்பத்தாங்க தெரியும்" என்றேன்.

அந்த அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேசிவிட்டு, ரேனஸ் ஆடலாம், புகார் தள்ளுபடி என்றார்கள்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, வெட்கம்தான் பிடுங்கித் தின்றது. ஊரில் எல்லாரையும் தெரியும் என்று மார்தட்டிக்கொள்கிறவள் நான். அந்தக் கணக்கில் லொகேஷனை ஒருநாளும் சேர்த்ததில்லை. அந்தக் கட்டையடியில் என் பக்கத்தில் எத்தனை தரம் நின்றிருப்பான் இந்தப் பயல்? பன்றிக்குட்டியை எண்ணத் தெரிந்த எனக்கு இவன் முகம் தெரியவில்லை.

டெல்வினைத் தாழ்வாரத்தில் பிடித்தேன்.

"ஏன்டா இப்படிப் பண்ணே? அணி மொத்தமும் அடிபட்டுப் போயிருக்கும்டா!"

"போன ஆட்டத்துப் புள்ளி போகாதுன்னு நெனச்சேன்."

"நெனச்சியா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"உன்கிட்ட என்னம்மா கேக்கறது?" குரல் உடைந்தது அவனுக்கு. "தெனம் என் காதுல ஓதினது யாரு? நம்மாளு இல்ல, நம்மாளு இல்லன்னு. நீ சொன்னதைத்தான் நான் போய்ச் சொன்னேன். இப்ப அங்க உக்காந்துகிட்டு நீ நல்லவளாயிட்டே."

ஜெர்சி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

மதியம் ஆட்டம். உடை மாற்றும் அறையில் ஜெர்சிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பையன்கள் வாங்கிக்கொண்டு கத்திக்கொண்டே வெளியே ஓடினார்கள். டெல்வின் எனக்குப் பக்கத்தில் நின்று தண்ணீர்ப் புட்டிகளை நிரப்பினான். கடைசியாக ரேனஸ் வந்தான். ஜெர்சியை நீட்டினேன். வாங்கவில்லை.

"அத்தை, ஒண்ணு கேக்கலாமா?" இந்த முறை எங்கள் பாஷையில் கேட்டான். கிரிபாஸ் வாடை அடித்தது, சிரிப்பு வருகிற மாதிரி ஒன்றும் இல்லை.

"கேளு."

"நம்ம அணியிலேருந்துதான் புகார் போச்சுன்னு வெளியே பேசிக்கிட்டாங்க. நீங்கதானே குடுத்தது?"

இல்லை என்றால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். இந்த அறையில் மிச்சமிருப்பது ஒரே ஒருவன். அவனோடு இவன் நாளைக்கும் ஒரே பஸ்ஸில் வர வேண்டும். அவன் பெயரை இவன் ஊரெல்லாம் சொன்னால், சாலை ஒன்றே ஒன்றுள்ள தீவில் என் பிள்ளை எந்தப் பக்கம் போய் முகத்தை மறைப்பான்?

"ஆமா. நான்தான்" என்றேன்.

"தெரியும் அத்தை. மொத நாள்லேருந்தே தெரியும்" என்றான் ரேனஸ். ஜெர்சியை என் விரல் படாமல் நுனியைப் பிடித்து வாங்கிக்கொண்டு வெளியே ஓடினான்.

நான் டெல்வின் பக்கம் திரும்பினேன். ஒரு வார்த்தை, அந்தப் பையனைத் திரும்பக் கூப்பிட ஒரே ஒரு வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தேன். என் மகன் கையிலிருந்த புட்டியின் மூடியை இறுக்கித் திருகினான், அடுத்த புட்டியை எடுத்துக் குழாயடியில் பிடித்தான்.